23 புள்ளியில் ஒரு காடு

ஆடுபுலி ஆட்டத்தின் படத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது. உச்சிப் புள்ளி ஒன்று. அதிலிருந்து அடிக்கோட்டுக்கு விரிந்து இறங்கும் கோடுகள் நான்கு. அவற்றைக் குறுக்கே வெட்டி இரண்டு பக்கமும் சற்று வெளியே நீளும் கோடுகள் மூன்று. நீண்ட முனைகளைச் சேர்க்கப் பக்கத்துக்கு ஒரு கோடு. சந்திப்புகளை எண்ணினால் 23. அவ்வளவுதான் படம். கோயில் மண்டபத்துத் தரைக்கல்லில் உளியால் கீறியும், திண்ணையில் கரித்துண்டால் வரைந்தும் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் இதில் இலை இல்லை, கொடி இல்லை, பச்சை நிறமே இல்லை. ஆனாலும் மூன்று புலியும் பதினைந்து ஆடும் இறங்கியதும் அங்கே காடு வந்துவிடுகிறது. எங்கே நின்றால் தப்பலாம், எங்கே போனால் மாட்டிக்கொள்வோம், எந்த மூலை பொறி என்பதெல்லாம் ஆடுகிறவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. அந்தக் காடு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், இன்று இளைஞர்கள் மேசைமேல் விரித்து ஆடும் மாயக்காட்டுப் போர்க்களப் படங்கள் பல, பார்க்க அழகாக இருந்தும் ஆட ஏன் சப்பென்று இருக்கின்றன என்பதும் விளங்கிவிடும்.

அந்த மேசை விளையாட்டு பலருக்குப் புதிதாக இருக்கலாம். நாலைந்து பேர் கூடி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். வில்லாளி, மந்திரவாதி, திருடன் என்று யாராகவும் இருக்கலாம். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்லி, அது பலிக்குமா என்பதைப் பகடை உருட்டிப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி. சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் இன்று இதை ஆடும் குழுக்கள் உண்டு. கதையில் சண்டை வந்துவிட்டால் மேசைமேல் சதுரக் கட்டம் போட்ட படத்தை விரித்துப் பொம்மைகளை நிறுத்துவார்கள். ஒரு கட்டம் மேசையில் ஓர் அங்குலம். கதையில் ஐந்து அடி. சாதாரண மனிதப் பாத்திரம் ஒருமுறைக்கு 30 அடி, அதாவது ஆறு கட்டம் நகரலாம். புதரோ சேறோ குறுக்கிட்டால் ஒரு கட்டத்தைக் கடக்க இரண்டு கட்டக் கணக்கு. மரத்தின் பின்னால் ஒண்டி நிற்பவரை அடிப்பது வெட்டவெளியில் நிற்பவரை அடிப்பதைவிடக் கடினம். விதி இவ்வளவு எளிமையானது. இதை வைத்துக்கொண்டு ஒரு காட்டை அமைக்க வேண்டும்.

பெரும்பாலானோர் இதை ஓவியத்திலிருந்து தொடங்குகிறார்கள். முறுக்கேறிய அடிமரம், நீலமாய் ஒளிரும் காளான், பனி மூட்டம், நடுவில் ஒரு பாழடைந்த கல்வட்டம். சுவரில் மாட்டலாம் போல் இருக்கும். பொம்மைகளை வைத்து ஆடத் தொடங்கினால் இரண்டு தரப்பும் நேரே நடந்துபோய் நடுவில் நின்று மாறி மாறி அடித்துக்கொள்ளும். மரங்கள் ஓரத்தில் திரைச்சீலை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் ஆடியிருந்தாலும் அதே சண்டைதான் நடந்திருக்கும். விளையாட்டுக்குள் காடு என்பது ஒரு விலைப்பட்டியல். இந்தப் பக்கம் போனால் நேரம் செலவாகும். அந்தப் பக்கம் போனால் பார்வை போகும். இங்கே நின்றால் பாதுகாப்பு, ஆனால் வெளியேற வழி ஒன்றுதான். ஒவ்வொரு இடத்துக்கும் வெவ்வேறு விலை இருந்தால் வெறும் கோடுகளே காடாகிவிடும். எல்லா இடத்துக்கும் ஒரே விலை என்றால் எத்தனை மரம் வரைந்தும் பயனில்லை.

இதற்கு ஆடுபுலியைவிடத் துல்லியமான சான்று வேண்டியதில்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். பக்கத்தில் நிற்கும் ஆட்டைத் தாண்டி, நேர்க்கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி குதித்து ஆட்டைத் தின்னும். ஆகவே ஒரு புலியை நகரவிடாமல் கட்ட வேண்டுமானால் பக்கத்துப் புள்ளியில் ஓர் ஆடு போதாது, அதற்குப் பின்னாலும் ஓர் ஆடு வேண்டும். புலி நடுவரிசையின் மையத்தில் நிற்கிறது என்று வையுங்கள். நான்கு திசையிலும் வழி. திசைக்கு இரண்டாக எட்டு ஆடு தேவை. உச்சியில் நின்றாலும் இறங்கும் கோடு நான்கு, அங்கும் எட்டு. அதே புலி அடிக்கோட்டு மூலைக்குப் போய்விட்டால் வழி இரண்டே. நான்கு ஆடு போதும். வெளியே நீண்ட ஓரப் புள்ளிகளில் எதில் நின்றாலும் நான்குதான். 23 புள்ளிகளில் நான்கு வழி உள்ளவை 13. மற்ற பத்தில் வழி மூன்றோ இரண்டோதான். மூன்று புலியும் நல்ல இடத்தில் நின்றால் பதினைந்து ஆட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் ஆட்டுக்காரர் புலியை மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளப் பார்க்கிறார். புலிக்காரர் ஓரத்தில் தனியாய் மாட்டிய ஆடு கண்ணில் பட்டாலும் போகலாமா வேண்டாமா என்று தயங்குகிறார். யாரும் 'இது பள்ளத்தாக்கு, இது முட்டுச்சந்து' என்று எழுதி ஒட்டவில்லை. வழிகளின் எண்ணிக்கையே பள்ளத்தாக்கையும் முட்டுச்சந்தையும் உண்டாக்கிவிடுகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டு தரப்பும் ஒரே மாதிரி இல்லை. சதுரங்கத்தில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஒரே படை. இங்கே புலிக்குப் பலம், ஆட்டுக்கு எண்ணிக்கை. காட்டுச் சண்டை எப்போதும் அப்படித்தான்.

இதைச் சதுரக் கட்டப் படத்துக்குக் கொண்டுவருவது கடினமில்லை. இருபதுக்கு இருபது கட்டம் உள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையிலிருந்து நடுவில் உள்ள குளத்துக்குப் போக இரண்டு வழி வைக்கிறோம். திறந்த ஒற்றையடிப் பாதை வளைந்து போகிறது, 12 கட்டம். புதருக்குள் குறுக்கே போனால் ஏழே கட்டம், ஆனால் கட்டத்துக்கு இரண்டு விலை என்பதால் 14. ஆறு கட்டம் நகரும் ஆள் பாதையில் போனால் இரண்டு முறையில் சேர்ந்துவிடுவார். புதரில் போனால் மூன்றாவது முறை வேண்டும். ஒரு முறை தாமதம். பதிலுக்கு என்ன கிடைக்கிறது? எதிரியின் அம்புக்கு மறைவு. விரைவா, மறைவா என்று ஆடுகிறவர் தலையைச் சொறியும் அந்த அரை நிமிடம்தான் நாம் வரைய வேண்டிய காடு. புதர் வழியை ஐந்து கட்டமாக்கினால் விலை பத்து. அதுவும் இரண்டு முறைதான், மறைவு இலவசமாகக் கிடைத்துவிடும், எல்லோரும் அதிலேயே போவார்கள். பத்துக் கட்டமாக்கினால் விலை 20, நான்கு முறை, ஒருவரும் போகமாட்டார்கள். படம் வரைகிறவரின் திறமை தூரிகையைவிட இந்த இரண்டு கட்ட வித்தியாசத்தில்தான் தெரியும்.

திருக்குறளின் ஐம்பதாவது அதிகாரம் இடனறிதல். தண்ணீருக்குள் வெல்லும் முதலை கரைக்கு வந்தால் மற்ற விலங்கிடம் தோற்கும் என்பதும், வேல்வீரனுக்கு அஞ்சாத யானை கால் புதையும் சேற்றில் நரியிடம் மாளும் என்பதும் அங்கே வருகின்றன. விளையாட்டு அமைப்பவருக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது. யானையின் பலத்தைக் குறைக்க விதி எழுத வேண்டாம். படத்தில் நான்கு கட்டம் சேறு போட்டால் போதும். அரண் அதிகாரத்தில், 742ஆம் குறள், நீர், நிலம், மலையோடு காட்டையும் கோட்டையின் உறுப்பாக எண்ணுகிறது. நம் சங்கப் பாடல்களில் மிளை என்ற காவற்காடு வருவதும் அதே கணக்கில்தான். மதில் எதிரியை நிறுத்தும். காடு எதிரியின் நேரத்தைத் தின்னும். 1801இல் மருது சகோதரர்களைத் தேடிவந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இதைச் செலவு செய்தே கற்றுக்கொண்டது. கர்னல் அக்னியூவின் ஆட்கள் சிறுவயலிலிருந்து காளையார்கோயில் நோக்கிக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றார்கள். வாரக் கணக்கில் வெட்டியும் முடியாமல் அந்த வேலையைக் கைவிட்டார்கள். பிறகு வேறு திசைகளிலிருந்து நுழைந்துதான் அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோயிலைப் பிடித்தார்கள். பீரங்கி இருந்தது, ஆள் பலம் இருந்தது. நேர்வழியின் விலை கட்டுப்படியாகவில்லை. சுற்றுவழி மலிவாக இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். எல்லாவற்றையும் விலையாக்கிவிட்டால் மாயம் எங்கே, மனம் மயங்க வேண்டாமா, அழகான படம் இல்லாமல் யார் இதை ஆடுவார்கள்? அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது விதிக்கு வேலை செய்ய வேண்டும். கரும்பச்சை என்றால் புதர், இளம்பச்சை என்றால் நடக்கலாம், நீலம் ஒளிர்ந்தால் மந்திரம் என்று நிறமே விலையைச் சொல்லிவிட்டால் ஆடுகிறவர் நடத்துநரிடம் ஒவ்வொரு கட்டத்துக்கும் சந்தேகம் கேட்க மாட்டார். ஒளிரும் காளானை அழகுக்காகப் பத்து இடத்தில் தூவிவிட்டு, அதில் ஒன்றுக்கு மட்டும் சக்தி என்று வைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். படமே வேண்டாம், வாயால் சொன்னால் போதும், கற்பனைக்குக் கட்டம் ஒரு விலங்கு என்று சொல்கிற கட்சியும் உண்டு. இரண்டு பேர் வாள் சுழற்றும் சண்டைக்கு அது சரி. மரங்களுக்கிடையில் எட்டு ஓநாயும் ஐந்து வீரர்களும் சுற்றி வரும்போது யார் யாருக்குப் பின்னால் என்று வாய்க்கணக்கில் நிற்காது. கடைசியில் நடத்துநர் சொல்வதே சட்டமாகிவிடும். படத்தில் போட்டுவிட்டால் அது எல்லோருக்கும் பொதுச் சாட்சி.

மாயத்தை எப்படி அமைப்பது என்று கேட்டால் விருத்தாசலம் வரை போய்வரலாம். மணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். பழமலைநாதர் கோயிலின் தல மரம் வன்னி. விபசித்து முனிவர் கோயில் திருப்பணி செய்தபோது வேலை செய்தவர்களுக்கு வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைப்புக்கு ஏற்ற அளவு அந்த இலை பொன்னானது என்றும் தலபுராணம் சொல்கிறது. ஒரு விளையாட்டு விதியாக இதைப் பாருங்கள். மரம் மந்திர மரம்தான். ஆனால் சும்மா தராது. நிபந்தனை ஒன்று, அது எல்லோருக்கும் தெரியும், ஏய்க்க முடியாது. படத்தின் நடுவில் இப்படி ஒரு மரத்தை வைத்து, அதன் அடியில் ஒரு முறை முழுக்க வேறெதுவும் செய்யாமல் நிற்பவருக்கு மட்டும் இலை உதிரும் என்று சொன்னால் சண்டையின் போக்கே மாறும். யார் நிற்பது, யார் காவல் காப்பது என்று பேச்சு கிளம்பும். இதே ஊரின் இன்னொரு கதை சுந்தரருடையது. இங்கே பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது கதை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் கேலியாகச் சொல்வதன் மூலம் அதுதான். இன்றைய விளையாட்டுக்காரர்கள் படத்தின் இரண்டு மூலைகளில் மாயவாசல் வைத்து, இதில் நுழைந்தால் அதில் வெளியே வரலாம் என்று விதி செய்கிறார்கள். நம்மிடம் அது ஆறாகவும் குளமாகவும் ஏற்கெனவே இருக்கிறது. பொன் மாற்றுக் குறையாமல் வந்ததா என்று உரைத்துப் பார்த்த பிள்ளையார்கூடக் கதையில் உண்டு. வாசலைக் கடந்தால் ஏதாவது குறையலாம் என்ற அச்சம் அதிலேயே இருக்கிறது.

நம் காட்டை வரைய ஓக் மரமும் தேவதைக் காளானும் எதற்கு என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. கடலூர், விழுப்புரம் பக்கத்து ஐயனார் கோயில் தோப்புகளைவிடப் பொருத்தமான மாயக்காடு கிடைக்குமா? புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அவற்றில் பேர்போனது. கிளையை ஒடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, நேர்ந்துகொண்டவர்கள் வைத்த மண்குதிரைகள், காரையும் சூரையும் பின்னிய முள் புதர், விழுது இறக்கிய ஆலமரம். ஓர் ஆலமரம் படத்தில் பத்துக் கட்டத்தை எடுத்துக்கொண்டு இடையிடையே தூண் மாதிரி விழுதுகளை நிறுத்தும். மறைவும் உண்டு, நடக்க இடமும் உண்டு. ஓக் மரம் இப்படி ஒரு மண்டபத்தைத் தராது. கிளையை ஒடிக்கக் கூடாது என்பதையே விதியாக்கலாம். தீ அம்பு விடுகிறவர், கோடரியால் வழி வெட்டுகிறவர் எவரானாலும் வரிசையில் நிற்கும் மண்குதிரைகளில் ஒன்று உயிர்பெற்று எதிர்ப் பக்கம் சேர்ந்துகொள்ளும். காட்டுக்கு ஒரு நீதி வந்துவிடும். வெளிநாட்டு விளையாட்டில் உள்ளூர்ச் சாமியை இழுக்கலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். சாமியைப் பொம்மையாக்கி அடிக்க விடுவது தவறுதான். தோப்பின் கட்டுப்பாட்டை விதியாக வைப்பது அப்படியில்லை. அதை மீறினால் என்ன ஆகும் என்று ஊரில் சொல்வதைத்தான் விளையாட்டும் சொல்கிறது.

விருத்தாசலத்தை இழுத்ததற்கு இன்னொரு காரணம் மண். இந்த ஊரை வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பது பீங்கான் ஊராக. செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் இங்கே இருக்கின்றன. அகல் விளக்கு, பொம்மை, மின்சாரச் சாமான் என்று சிறு சிறு பொருள்கள் சூளையிலிருந்து வெளியே வருகின்றன. போர்க்கள விளையாட்டுக்கும் பீங்கானுக்கும் உள்ள உறவு கைகாக்ஸுக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. பிரஷ்ய நாட்டின் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் தன் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியத்துக்கு ஆறடிக்கு ஆறடி மேசை ஒன்றைக் கொடுத்தார். மேலே மூன்று, நான்கு அங்குலச் சதுர வில்லைகள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து, மேடு பள்ளம், ஆறு, சாலை எல்லாம் புடைப்பாக அமைத்து வண்ணம் தீட்டியவை. எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்கிப் புதுப்புது நிலம் உண்டாக்கலாம். படைகளாக நின்றவை சின்னச் சின்னப் பீங்கான் கட்டைகள். அவர் மகன் 1824இல் இதைக் காகித வரைபடத்துக்கு மாற்றிச் செம்மைப்படுத்தினார். முடிவு சொல்ல ஒரு நடுவரும் அதில் உண்டு. இன்றைய கதை நடத்துநருக்கு அவர்தான் கொள்ளுத் தாத்தா.

அந்த வில்லையை விருத்தாசலத்தில் செய்வதானால் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். மண்ணின் கலவையைப் பொறுத்து அளவு மாறும். நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். வெந்து வரும் வில்லையில் கட்டம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமென்றால் அச்சில் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் வெட்ட வேண்டும். பக்கத்துக்கு நான்கு கட்டம் உள்ள வில்லைக்கு அச்சு 115 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். பெரிய பலகையாக ஒரே துண்டில் செய்ய ஆசை வரும். செய்தால் சூளையில் வளைந்துவிடும், பொம்மை ஆடும். நான்கு அங்குலத்தில் நிறுத்துவது மண்ணே சொல்லும் வரம்பு. ரைஸ்விட்ஸ் வந்து நின்ற அளவும் அதை ஒட்டியதுதான். 25 வில்லை சேர்ந்தால் இருபதுக்கு இருபது கட்டக் காடு. புதர் வில்லையின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டு, பாதைக்கு மட்டும் பளபளப்புப் பூச்சு கொடுத்தால் விரலே விலையைச் சொல்லிவிடும். பளபளப்பின்மேல் மெழுகுப் பென்சிலால் குறித்துத் துணியால் துடைத்துவிடலாம்.

இதற்கும் மறுப்பு உண்டு. பீங்கான் உடையும், கனக்கும்; கைப்பேசியில், கணினித் திரையில் எத்தனையோ படம் இலவசமாய்க் கிடைக்கிறது; வீட்டு அச்சுப்பொறியில் ஒரு தாள் எடுத்தால் வேலை முடிந்தது. கனம் உண்மைதான். ஆறு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வில்லை சுமார் 140 கிராம் வரும். 25 சேர்ந்தால் மூன்றரைக் கிலோ. பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுபோக அது ஏற்றதல்ல. வாராவாரம் புதுப் படம் வேண்டும் என்கிறவருக்குத் தாளே போதும், அவரோடு வாதாட வேண்டியதில்லை. அச்சிட்ட தாளில் காடு ஒருமுறை வரைந்தபடியே நிற்கும். வில்லைகளில் அது ஆட்டத்தின் நடுவிலும் மாறும். மந்திரவாதி சாபம் போட்டால் பாதை வில்லையை எடுத்துவிட்டுப் புதர் வில்லையை வைக்கலாம். போன வழியில் திரும்ப முடியாது. வழி மாறும் காடு என்று கதைகளில் கேட்டதை மேசைமேல் செய்துகாட்ட இதைவிட நேரான முறை இல்லை. விற்பனை எவ்வளவு ஆகும் என்பது வேறு கணக்கு. பெரிய ஆலைகளுக்கு இது கட்டாது. கார்த்திகைக்கு அகலும் நவராத்திரிக்குக் கொலுப் பொம்மையும் செய்து பழகிய கைக்கு, இடைப்பட்ட மாதங்களில் அச்சு ஒன்றைக் கூடுதலாக வெட்டிப் பார்ப்பது பெரிய சூதாட்டமும் இல்லை.

ஆனால் அச்சு வெட்டவோ தூரிகை எடுக்கவோ அவசரப்பட வேண்டாம். முதலில் தரையில் சாக்கட்டியால் நான்கு கோடும் மூன்று கோடும் இழுத்து, மூன்று கூழாங்கல்லும் பதினைந்து புளியங்கொட்டையும் எடுத்துக்கொண்டு யாரையாவது எதிரே உட்காரவையுங்கள். முதல் ஆட்டத்தில் நீங்கள் ஆட்டுப் பக்கம் ஆடுங்கள்.